சாத்தியும் சாத்தாத கதவு

நவம்பர் 4, செவ்வாய்

டிரையர் மண்டையைப் போட்டுவிட்டது.

விளக்கெல்லாம் எரிகிறது. ஸ்டார்ட்டை அமுக்கினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். அப்புறம் கல்லுளிமங்கன் மாதிரி சும்மா நிற்கிறது. நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது. வெளியே மழை விட்டபாடில்லை. பால்கனியில் ஒரு துண்டு போட்டாலும் சாரலில் மறுபடி நனைகிறது. குட்டிக்கு மூன்று வயதாகியும் இரவில் படுக்கையை நனைக்கிறாள். தினம் விரிப்பு, போர்வை, அவள் உடுப்பு, எங்கள் உடுப்பு. பன்னிரண்டரைக்கு நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்க வேண்டும். மாலை ஆறுக்கு மேல் மெஷின் எதுவும் ஓட்டக்கூடாது என்று கட்டிடத்தில் சட்டம். கீழ்வீட்டு டீச்சருக்காகப் போட்ட சட்டம் அது. ஆக, எனக்கென்று இருப்பது காலை நேரம்தான்.

தம்பி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். வாஷிங் மெஷின், டிரையர், அவன் கட்டில் மூன்றும் அந்தப் பின்னறையில்தான். வேறு இடமில்லை. நான் டிரையரைத் தட்டி, உதைத்து, திட்டின திட்டுக்கு அடுத்த தெருக்காரனே எழுந்திருப்பான். இவன் அசையவில்லை. கும்பகர்ணன் என்று சின்ன வயதில் சும்மாவா பேர் வைத்தோம்? வந்த அன்றே சொன்னானே, “இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது அக்கா, நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு.”

நவம்பர் 5, புதன்

இன்று நானே மெக்கானிக். பிளக்கைக் கழற்றி அதே துளையில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். சுட்டது. ஆக கரண்ட் வருகிறது. பஞ்சு சேரும் வலையை எடுத்துத் தட்டினேன், தும்மல்தான் மிச்சம். குழந்தைப் பூட்டு என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதைப் பிடித்து அமுக்கினேன். பூட்டவே இல்லையாம். துணியைக் குறைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்து திறந்து சாத்தினேன், மெதுவாக ஒருமுறை, அடித்து ஒருமுறை. பீப். பீப். பீப்.

இதற்கு என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?

நவம்பர் 6, வியாழன்

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ரெண்டு நாள் ரெஸ்ட் குடு, அதுவும் எத்தனைதான் தாங்கும்” என்றார். மெஷினுக்கு ரெஸ்ட்! எனக்கு யார் கொடுப்பது? கரண்ட் பில்லைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிற மனிதர். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

தம்பி முகம் இந்த வாரம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. அந்தமட்டில் நல்லது. இரவெல்லாம் பேக்கரி வேனில் கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டுக் காலை எட்டுக்கு வருகிறான். போன வாரம் அவனை நினைத்தாலே பயமாக இருந்தது. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று. ஒரு வளைவில் கம்பத்தில் உரசி வேனின் பக்கக் கண்ணாடி போய்விட்டது. “நாய் குறுக்க வந்துச்சு” என்றான். முதலாளி நேராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, சாவியக் குடுத்துட்டுப் போயிடு. இது போனால் மூன்றாவது வேலை போகும். அதற்கப்புறம் எந்த முகத்தோடு அவனை இந்த வீட்டில் வைத்திருப்பேன்? அன்றைக்கு நான் அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். பகலில் தூங்காமல் போனை நோண்டுகிறாயா என்று கேட்டேன். சிரித்தான்.

நவம்பர் 7, வெள்ளி

மூக்கறுபட்ட நாள்.

மெக்கானிக் மாலையில் வந்தார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல மெல்லப் பேசுகிற மனிதர். ‘மெல்லப்பேசி’ என்று மனசுக்குள் பேர் வைத்துவிட்டேன். நான் அழாக்குறையாக எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் ஸ்டார்ட்டை அமுக்கினார். ஓடியது! ஜம்மென்று ஓடியது!

தம்பி அப்போதுதான் எழுந்து தலை சீவிக்கொண்டிருந்தான். “அக்காவக் கண்டா அதுக்கும் பயம் போல” என்றான். மெல்லப்பேசிகூடச் சிரித்தார். அதற்குள் கீழ்வீட்டு டீச்சர் கதவைத் தட்டிவிட்டாள், மணி ஆறு ஐந்து என்று. அசடு வழிய நின்றேன்.

நவம்பர் 8, சனி

ஓடவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஓடுகிறது! சனி இரவு ரொட்டி வண்டி கிடையாது, அதனால் தம்பி பகலில் விழித்திருந்தான். குட்டியை டிரையர்மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு “பஸ் போகுது, பஸ் போகுது” என்று விளையாட்டு காட்டினான். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீட்டிலிருந்த துணி மொத்தத்தையும் காயவைத்துத் தள்ளினேன். சனியன் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

நினைத்தேன். ஓடவில்லை.

நவம்பர் 12, புதன்

நாற்காலி முதுகில், கதவு மேல், ஜன்னல் கம்பியில், சாப்பாட்டு மேசையில் — எங்கே பார்த்தாலும் ஈரத் துணி. சுவர் வியர்க்கிறது. வீடு முழுக்கப் பூஞ்சை நாற்றம். வீட்டுக்காரர் காயாத சட்டையை ஃபேனுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் பேசினால் சண்டை வருமென்று பேசாமல் நிற்கிறார். பேசாமல் நிற்கிறாரே என்று எனக்கு இன்னும் கோபம்.

குட்டிக்கு இருமல். லேசாகத்தான்.

நவம்பர் 13, வியாழன்

மெல்லப்பேசி மறுபடி வந்தார். மறுபடி ஓடியது. ஆனால் இந்தத் தடவை அவர் உடனே கிளம்பவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கதவின் உள்பக்கம் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தும்போது அது உள்ளே போய் ஒரு சுவிட்சை அமுக்குமாம். அமுக்கினால்தான் கதவு மூடியிருக்கிறதென்று மெஷினுக்குத் தெரியுமாம்.

“இந்தத் திருகு மண்டை தேஞ்சிருக்கும்மா. அடிக்கடி யாரோ கழட்டி மாட்டற மாதிரி இருக்கு.”

“யாரு கழட்டுவா?”

“அது எனக்கெப்படிம்மா தெரியும்?” என்றார், இன்னும் மெல்ல.

நவம்பர் 14, வெள்ளி

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். கொக்கி இல்லை! கொக்கி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் என்னைப் பார்க்கிறது. கதவைச் சாத்தினேன். சாத்தியும் சாத்தாத கதவு.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். என் வீட்டுக்குள். யார்? தம்பி போர்வையை இழுத்து மூடி அடித்துப்போட்டது போலக் கிடந்தான். அவன் சட்டையும் இதில்தானே காய வேண்டும், அவனுக்கு என்ன வந்தது? மிச்சம் யார்? ஸ்க்ரூடிரைவர் யாருடையது? கரண்ட் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது யார்?

மாலை கடையிலிருந்து வந்து குட்டிக்குச் சாப்பாடு ஊட்டி முடித்துப் போய்ப் பார்த்தால் கொக்கி அதன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரரும் அதற்குள் வந்து உடுப்பு மாற்றியிருந்தார். வேறென்ன வேண்டும் எனக்கு? பிடித்துக்கொண்டேன்.

“கழட்டறதும் நீங்க, மாட்டறதும் நீங்க. கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க.”

“உனக்கென்ன கிறுக்கா? எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது.”

“அப்ப யாரு? பேயா?”

“அந்த ரூம்ல இருக்கறவனைப் போய்க் கேளு.”

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. தூங்குகிறவன் மேல் பழி போடாதீங்க, உழைச்சுட்டு வந்து பிணமா கிடக்கிறான், அவன் இங்க இருக்கிறது உங்களுக்கு உறுத்துதுன்னா நேரா சொல்லுங்கன்னு கத்தினேன். அவரும் கத்தினார். “ஆமா, உறுத்துது. ஒரு வீடு எத்தனை பேரைத்தான் தாங்கும்!”

திரும்பினால் தம்பி வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். நாடாவை ரொம்ப நேரம் கட்டினான். “வரேன் அக்கா. வரேன் அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் 15, சனி

குட்டிக்கு மூச்சு வாங்கியது.

மத்தியானம் தூங்கி எழுந்தவள் அழக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். விலா எலும்பு உள்ளே உள்ளே போகிறது. என்ன செய்வேன், என்ன செய்வேன்! தம்பிதான் தூக்கிக்கொண்டு ஓடினான். செருப்புக்கூடப் போடவில்லை. மருத்துவமனையில் முகத்தில் மருந்துப் புகை வைத்து அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்து “மாமா” என்றாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, “வீட்டுக்குள்ள ஈரத்துணி காயப்போடறீங்களா?” என்றுதான்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் அவர் பொசுங்கியிருக்க வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

காலை பத்து மணி. கொக்கி இருக்கிறது. டிரையர் ஓடுகிறது.

ஓடாமல் என்ன? பிள்ளை அந்தப் பாடு பட்டதைப் பார்த்தபிறகு எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? “இப்பவாவது புத்தி வந்துதே” என்றேன். அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன.

நவம்பர் 20, வியாழன்

தினம் ஓடுகிறது. விரிப்பெல்லாம் சூடாக, மொறுமொறுவென்று வருகிறது. நான் ஜெயித்தேன்.

தம்பி பகலில் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போகிறானாம். எட்டு மணிக்கு வந்து குளித்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுகிறான். எப்போடா தூங்குவே என்றால் “அங்க மத்தியானம் படுக்க இடம் இருக்கு” என்கிறான். வீட்டுக்காரர்கூட “பரவாயில்ல, பொறுப்பு வந்துருச்சு” என்றார். என்னிடம் சொல்லவில்லை, குட்டியிடம் சொன்னார். என்னிடம் அவர் பேசி ஆறு நாளாகிறது.

குட்டியின் வாத்துப் போர்வையைக் காணோம். மஞ்சள் நிறத்தில் வாத்து வாத்தாக இருக்குமே, அது. டிரையருக்குள் கையை விட்டுத் துழாவியும் பார்த்துவிட்டேன். ஒற்றைக் காலுறையை விழுங்கும் என்று தெரியும், போர்வையையுமா?

நவம்பர் 24, திங்கள்

காலையில் தம்பி தட்டுமுன் உட்கார்ந்து, கையில் கரண்டியோடு தூங்கிவிட்டான். உலுக்கினேன். திடுக்கிட்டு எழுந்து வலது காலால் தரையை அமுக்கினான் — பிரேக்!

“அந்தப் பகல் வேலைய விட்டுத் தொலைடா. ராத்திரி எங்கயாவது கொண்டுபோய் மோதப்போறே.”

“விட்டுடறேன் அக்கா” என்றான். சொன்னவன் எழுந்து அந்த வேலைக்கே போய்விட்டான்.

நவம்பர் 26, புதன்

எப்படி எழுதுவது இதை.

குட்டியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, பஸ் வரவில்லை என்று மார்க்கெட் பின்பக்கமாக நடந்தேன். காய்கறிக் கழிவு கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வேன் நின்றது, பகலில் அது தம்பி பொறுப்பில்தான். புதுசாக மாட்டிய பக்கக் கண்ணாடி பளபளவென்று தெரிந்தது. முன்கண்ணாடிக்குள் திரை மாதிரி மஞ்சளாக ஏதோ மறைத்திருந்தது. கிட்டே போனேன். வாத்து.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். இரண்டு சீட்டுக்கும் குறுக்கே மடங்கிக் கிடக்கிறான். ஆறடி ஆள், முழங்கால் முகத்துக்கு வந்துவிட்டது. காதில் பஞ்சு. பக்கத்தில் லாரியிலிருந்து இரும்புத் தட்டுகளை மடார் மடாரென்று இறக்குகிறார்கள். ஒவ்வொரு மடாருக்கும் அவன் உடம்பு தூக்கிப் போடுகிறது.

கண்ணாடியை உடைக்கிற மாதிரித் தட்டினேன். எழுந்தவன் என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான்.

“கிடங்குல மூட்டை எண்ணுற லட்சணமாடா இது?”

வாத்துப் போர்வையைச் சுருட்டி ஒளிக்கப் பார்த்தான்.

“வீட்டுல கட்டில் இல்ல உனக்கு? என்னடா குறை வச்சேன்?”

அப்புறம் மெல்ல வந்தது. டிரையர் ஓடினால் கட்டிலும் சேர்ந்து ஆடுமாம். முடிந்ததும் அடிக்கிற அந்த மணி மண்டைக்குள் அடிக்குமாம். வந்த நாளிலிருந்து ஒரு நாளும் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லையாம். வளைவில் நாயெல்லாம் வரவில்லை. கண் அசந்துவிட்டது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதற்கடுத்த வாரம்தான் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறான், தூங்கி எழுந்ததும் மறுபடி மாட்டிவிடுவானாம். நான் பக்கத்தில் நின்று மெஷினை உதைத்துத் திட்டினபோதெல்லாம் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறான்.

“பாப்பாவுக்கு மூச்சு வாங்கினதும் விட்டுட்டேன் அக்கா. என்னாலதான்னு தெரிஞ்சதும் எனக்கு...”

எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. என் பிள்ளை மூச்சுக்குத் தவிச்சுதேடா பாவி! அறையவும் கை போனது. காதில் அந்தப் பஞ்சைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

“வாயில என்ன இருந்துது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேனா?”

“உன் வீட்டுல இருந்துக்கிட்டு உன் வேலைய நிறுத்துன்னு எப்படி அக்கா சொல்றது? அத்தானுக்கு வேற ஏற்கனவே...”

“போர்வை?”

“பாப்பா குடுத்துச்சு. மாமா வண்டியில தூங்கறப்ப வெளிச்சம் அடிக்குதுன்னு சொன்னேன்.”

மூன்று வயசுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, அவன் வண்டியில் தூங்குகிறான் என்று. எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். டிரையர் ஓடணும், பாப்பாவுக்கு ஓடணும், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குளிக்கவும் சாப்பிடவும்கூட இனிமேல் வந்து தொல்லை கொடுக்கமாட்டானாம்.

கடைக்கு ஒரு மணி நேரம் லேட். யாருக்கு எந்தக் கண்ணாடி கொடுத்தேனோ தெரியாது.

நவம்பர் 27, வியாழன்

அவன் சொல்லியிருந்தால் நிஜமாகவே நிறுத்தியிருப்பேனா? “போடா, இடி விழுந்தாலும் தூங்குவியே” என்று சிரித்துவிட்டு ஸ்டார்ட்டை அமுக்கியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா?

மாலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. “நீங்க இல்ல அது” என்று மட்டும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“நான் சொன்னது அவன் காதுல விழுந்துது இல்ல?”

“விழுந்துது.”

நவம்பர் 28, வெள்ளி

தம்பி வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. மார்க்கெட் பின்னால் போய்ப் பார்த்தேன், வேன் இல்லை. மழை கொட்டுகிறது. ரோடெல்லாம் வழுக்கும். வண்டி சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். டிரையரைப் போடவே கை வரவில்லை. குட்டியின் விரிப்பு வாளியில் ஊறிக் கிடக்கிறது.

நவம்பர் 29, சனி

மத்தியானம் ஒரு செய்தி வந்தது. “நல்லா இருக்கேன்.” இரண்டே வார்த்தை. எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

குளித்துவிட்டு வந்தால் டிரையர் ஓடுகிற சத்தம். நான் போடவில்லையே! பின்னறையில் யாரும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன், வெறும் உருளை சுற்றுகிறது. வீட்டுக்காரரைத் தேடினால் எங்கள் படுக்கையறையில், ஜன்னலெல்லாம் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு.

“என்ன பண்றீங்க?”

“உஷ்” என்றார்.

மணி அடித்து முடியும்வரை அப்படியே கிடந்தார். எழுந்து உட்கார்ந்து, “மணி மட்டும் கேக்குது. மத்தது ஒண்ணும் கேக்கல” என்றார். “பகல்ல இந்த ரூம் சும்மாதானே கிடக்கு.”

எங்கள் கட்டில். எங்கள் அறை. எனக்கே தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். ஒற்றையாளாகப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 1, திங்கள்

அவர் இன்று ஆபீசுக்குப் போகவில்லை. விடிந்ததும் விடியாததுமாக பேக்கரி வாசலில் போய் நின்றிருக்கிறார். வேன் திரும்பி வரும்வரை நின்றிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். எட்டரைக்குச் சேர்ந்து வந்தார்கள். நனைந்த கோழி மாதிரி தம்பி வாசலிலேயே நின்றான்.

“உள்ள போய்ப் படு மாப்ளே.”

“அது உங்க ரூம் அத்தான். வேணாம்.”

“ரூமுக்கு என்ன, ராத்திரி எங்களுது, பகல்ல உன்னுது. போடா.”

‘போடா’ என்று அவர் அவனைச் சொல்லி நான் கேட்டதில்லை. தம்பி போனான். கட்டில் ஓரத்தில், விருந்தாளி வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

டிரையரை நான் போடவில்லை. இன்று மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மழை. காலை பத்துக்கு டிரையரைப் போட்டேன். துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். கடைசி நிமிஷத்தில், மணி அடிக்குமுன், கதவைத் திறந்து நிறுத்திவிட்டேன். மூன்று நாளாக இதுதான் என் வேலை. விரிப்பில் துளி ஈரம் இருந்தது. பரவாயில்லை, இஸ்திரியில் போய்விடும்.

கிளம்புமுன் படுக்கையறைக் கதவில் காது வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வந்தது. சின்ன வயதில் வீட்டையே தூங்கவிடாமல் அடித்த அதே குறட்டை, கரகரவென்று. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை. அது ஏன் எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை?

குட்டி என் முந்தானையை இழுத்தாள், “மாமா ரூம்ல பஸ் போகுது” என்று. அவள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாட்டினேன். பஸ் போயே போய்விட்டது.